பையன் பீர் காய்ச்சலாமா என்றான், நான் இஞ்சி உறை வைத்தேன்

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் மூன்று வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கும் எங்கள் காவேரிப்பட்டணம் வந்தபோது, "அம்மா, வீட்டிலேயே பீர் செய்யலாம்மா, சாமானெல்லாம் ஆன்லைன்ல வருது" என்றான். அங்கே மதுக்கூடத்திலேயே காய்ச்சி ஊற்றும் பீரைக் குடித்துப் பார்த்து, அது எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை அவனுக்கு. அந்த ஆசை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்சுவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்ததே அன்றைய சேலம் மாவட்டத்தில்தான். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது அதற்குள்தான் இருந்தன. அவர் பிறந்த தொரப்பள்ளி இங்கே ஓசூர் பக்கம். 2024-இல் தண்டனையை இன்னும் கடுமையாக்கியிருக்கிறார்கள்.

"கண்ணு, பீர் வேண்டாம். அதே வேலையை வேறொன்றில் கத்துக்கலாம் வா" என்றேன். அந்த வேறொன்றுதான் இஞ்சி சோடா. கடையில் விற்கும் வாசனை போட்ட சோடா இல்லை. இஞ்சித் தோலில் இருக்கும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிரே சர்க்கரையைத் தின்று, தானாகவே நுரையை உண்டாக்கும் சோடா. சுத்தம், சர்க்கரை அளவு, சூடு, பாட்டில், பொறுமை என்று பீர் காய்ச்சுகிறவர் கற்க வேண்டிய ஐந்தும் இதில் இருக்கின்றன. இட்லிக்கு மாவு புளிக்க வைக்கத் தெரிந்தவருக்குப் பாதி வேலை ஏற்கெனவே கைவந்திருக்கிறது.

முதலில் உறை. ஆங்கிலத்தில் இதை 'ஜிஞ்சர் பக்' என்கிறார்கள். தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரிதான் இதுவும், அதனால் எங்கள் வீட்டில் இதற்கு இஞ்சி உறை என்றே பேர்.

ஒரு லிட்டர் பிடிக்கும் கண்ணாடி ஜாடி எடுத்துக்கொள்ளுங்கள். ஊறுகாய் ஜாடி என்றால் எண்ணெயும் காரமும் சுத்தமாகப் போகும்வரை கழுவி, கொதிநீரில் அலசி, வெயிலில் காயவையுங்கள். அதில் அரை லிட்டர் ஆறிய தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி துருவிய இஞ்சி, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை. கலக்கி, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிவையுங்கள். மூடி போட்டு இறுக்கக் கூடாது, காற்று போய்வர வேண்டும். தினமும் அதே நேரத்தில் இன்னொரு கரண்டி இஞ்சி, இன்னொரு கரண்டி சர்க்கரை. கலக்கிவிடுங்கள். அவ்வளவுதான்.

இஞ்சியைத் தோல் சீவாதீர்கள். நமக்கு வேண்டிய ஈஸ்ட் தோலில்தான் இருக்கிறது. மண்ணைக் கழுவினால் போதும். சந்தையில் மண் ஒட்டிக் கிடக்கும் நாட்டு இஞ்சியை வாங்குகிறேன். நன்றாகக் கழுவிப் பளபளப்பாகப் பிளாஸ்டிக்கில் சுற்றி வரும் இஞ்சியில் இரண்டு முறை முயன்றேன், ஒரு குமிழிகூட வரவில்லை. முளைக்காமல் இருக்கக் கதிர்வீச்சு பாய்ச்சிய இஞ்சியாக இருந்தால், தோலில் உள்ள உயிர் போயிருக்கும். முளை விட ஆரம்பித்த இஞ்சி கிடைத்தால் விடாதீர்கள்.

தண்ணீரைப் பற்றி நம் ஊர்க்காரர்களிடம் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி போர்வெல் தண்ணீரில் பல இடங்களில் புளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்த பிள்ளைகள் என் வயதில் நிறையப் பேர். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்து, 2013-இல் தொடங்கிவைத்தார்கள். புளோரைடு கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி ஏறத்தான் செய்யும். அதனால் போர்வெல் தண்ணீரை இதற்குத் தொடவே வேண்டாம். குழாயில் வரும் குடிநீரில் வேறொரு சங்கடம், குளோரின். கிருமியைக் கொல்லப் போடுவது ஈஸ்ட்டையும் அடக்கிவிடும். அகலப் பாத்திரத்தில் பிடித்து ஒரு ராத்திரி திறந்து வையுங்கள், இல்லையென்றால் பத்து நிமிடம் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். குளோரின் போய்விடும். என் உறை முதல் தடவை நாலு நாளாகச் செத்துக் கிடந்ததற்கு இதுதான் காரணம். காலையில் பிடித்த தண்ணீரை அப்படியே ஊற்றியிருந்தேன்.

மே மாதத்தில் எங்கள் ஊரில் மூன்றாம் நாளே உறை எழுந்துவிடும். கலக்கினால் 'ஸ்ஸ்' என்று சத்தம் வரும், இஞ்சித் துருவல் மேலே மிதக்கும், ஓரத்தில் பொடிப்பொடியாகக் குமிழி கட்டும், வாசனை கொஞ்சம் புளிப்பாகக் கள் மாதிரி இருக்கும். என் தங்கை தேன்கனிக்கோட்டையில் இருக்கிறாள். மார்கழியில் போன் செய்து, "அக்கா, ஆறு நாளாச்சு, ஒண்ணுமே ஆகலை" என்றாள். அந்தக் குளிருக்கு ஆகாதுதான். ராத்திரி இட்லி மாவுப் பாத்திரத்தை எங்கே வைப்பாளோ அங்கேயே, அடுப்புக்குப் பக்கத்தில், கம்பளித் துண்டு சுற்றி வைக்கச் சொன்னேன். ஒன்பதாம் நாள் எழுந்தது. நாளை எண்ணாதீர்கள், ஜாடியைப் பாருங்கள்.

பச்சையாகவோ கருப்பாகவோ பஞ்சு மாதிரி பூஞ்சை படர்ந்தால், அழுகல் நாற்றம் அடித்தால், மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். மேலாக வழித்து எடுத்துவிட்டு மீதியைக் காப்பாற்றும் வேலை வேண்டாம். பத்து ரூபாய் இஞ்சிக்காக வயிற்றைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

உறை தயாரானதும் சோடா. இரண்டு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் இஞ்சியை நசுக்கிப் போட்டு, 150 கிராம் சர்க்கரை சேர்த்து, கால் மணி நேரம் கொதிக்க விடுங்கள். நான் பாதி சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போடுகிறேன். மணமும் நிறமும் நன்றாக இருக்கும். ஆனால் வெல்லத்தில் மண் இருக்கும், கரைத்து வடிகட்டித்தான் சேர்க்க வேண்டும். வடிகட்டியபின் முழுக்க ஆற விடுங்கள். விரல் வைத்தால் சூடே தெரியக் கூடாது. சூட்டில் உறையை ஊற்றினால் ஈஸ்ட் வெந்துபோகும். ஆறியதும் இரண்டு எலுமிச்சம்பழச் சாறு, உறையிலிருந்து வடிகட்டிய அரை கப் நீர். கலக்கிப் பாட்டிலில் ஊற்றுங்கள். மேலே இரண்டு அங்குலம் காலியாக இருக்கட்டும். ஜாடியில் எடுத்த அளவுக்குத் தண்ணீரும் ஒரு கரண்டி சர்க்கரையும் ஒரு கரண்டி இஞ்சியும் திரும்பச் சேர்த்துவிடுங்கள், உறை தொடர்ந்து வாழும்.

இனி நான் சொல்லப்போவதை மட்டும் தயவுசெய்து அப்படியே கேளுங்கள். ஸ்குவாஷ் பாட்டில், தேன் பாட்டில் மாதிரி சாதாரணக் கண்ணாடி பாட்டில்களில் இதை ஊற்றவே கூடாது. முதல் வருடம் மே மாதத்தில் ஸ்குவாஷ் பாட்டிலில் ஊற்றிச் சாமான் அறையில் வைத்தேன். ஒரு கல்யாணத்துக்குப் போய் மூன்று நாள் கழித்துத் திரும்பினோம். அன்று ராத்திரி இரண்டு மணிக்கு வெடிச் சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் சில்லு சில்லாகக் கண்ணாடி, ஒரு துண்டு கதவு மரத்தில் குத்திக்கொண்டு நிற்கிறது. பகலில் அந்த அறையில்தான் என் மாமியார் உட்கார்ந்து அரிசி பார்ப்பார். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு படபடக்கிறது.

ஏன் அப்படி ஆகிறது என்ற கணக்கைப் பின்னால் மகன் போட்டுக் காட்டினான். ஈஸ்ட் தின்னும் சர்க்கரையில் ஏறக்குறைய பாதி எடை வாயுவாகும், பாதி ஆல்கஹாலாகும். ஒரு லிட்டரில் 8 கிராம் சர்க்கரை தின்றாலே மூடிய பாட்டிலில் நல்ல நுரை கட்டிவிடும். நாம் போட்டிருப்பதோ லிட்டருக்கு 75 கிராம். எல்லாவற்றையும் தின்ன விட்டால் ஒன்பது மடங்கு வாயு. எந்தக் கண்ணாடி தாங்கும்? ஆல்கஹாலும் அப்படித்தான். 8 கிராமோடு நிறுத்தினால் அரை சதவீதத்தை ஒட்டி நிற்கும். முழுதும் புளிக்க விட்டால், கணக்குப்படி பீர் அளவுக்கே போகும். அதனால் சீக்கிரம் நிறுத்துவது பாட்டிலுக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

எதில் ஊற்றுவது? கடையில் சோடா, கோலா வாங்கிய பிளாஸ்டிக் பாட்டில்தான் ஆரம்பக்காரருக்கு ஏற்றது. அது அழுத்தத்தைத் தாங்கச் செய்தது. சாதாரணத் தண்ணீர் பாட்டில் அப்படி இல்லை. இன்னொரு வசதி, உள்ளே என்ன நடக்கிறது என்று கட்டைவிரலாலேயே தெரிந்துகொள்ளலாம். ஊற்றிய அன்று அழுத்தினால் மெத்தென்று அமுங்கும். கடையில் வாங்கிய புதுப் பாட்டில் மாதிரி கல்லாக இறுகிய உடனே பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். வெயில் காலத்தில் இது ஒரே நாளில் ஆகும், சில சமயம் அதற்கும் முன்னால். குளிரில் இரண்டு, மூன்று நாள். காலையும் மாலையும் அழுத்திப் பாருங்கள். வெளியூர் போவதாக இருந்தால் அன்று பாட்டிலில் ஊற்றவே வேண்டாம். குளிரில் ஈஸ்ட் தூங்கும், சாகாது. அதனால் ஒரு வாரத்துக்குள் குடித்துவிட வேண்டும். திறக்கும்போது நன்றாகக் குளிர்ந்திருக்கட்டும், மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி வாயுவை விடுங்கள்.

கோலி சோடா பாட்டிலில் ஊற்றலாமா என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-இல் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது. உள்ளே இருக்கும் வாயுவே கோலியை மேலே தள்ளி அடைத்துவைக்கும். அந்த வாயுவைக் கடைக்காரர் இயந்திரத்தில் ஏற்றுகிறார். நம்முடையதில் வாயு மெதுவாகப் பிறக்கிறது. அதுவரை கோலியைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. அதனால் முடியாது.

பீரைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்ட என் மகனுக்கு இன்னொன்றும் காட்டினேன். ராகியை ஒரு ராத்திரி ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டு, வெயிலில் காயவைத்து அரைப்பது நமக்குத் தெரிந்ததுதானே, குழந்தைக்குக் கொடுக்கும் ராகி மால்ட். பார்லியில் அதையே செய்வதுதான் பீரின் முதல் வேலை. முளைக்கும்போது தானியத்துக்குள் ஒரு நொதி உண்டாகி, மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கத் தயாராக நிற்கும். அதைக் கண்ணால் பார்க்க, ருசியால் உணர ஒரு வழி இருக்கிறது. 50 கிராம் முளைராகி மாவை ஒரு கப் சாதாரணத் தண்ணீரில் கரையுங்கள். அதில் ஒரு கப் கொதிக்கும் தண்ணீரை ஊற்றுங்கள். சரிபாதி என்பதால் சூடு 65 டிகிரி பக்கம் வந்து நிற்கும், தெர்மாமீட்டர் தேவையில்லை. மூடி, துணி சுற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். முதலில் வாயில் வைத்தபோது வெறும் மாவாக இருந்தது, இப்போது இனிக்கும். சர்க்கரை ஒரு சிட்டிகைகூடப் போடவில்லை. என் மகன் அதை ருசித்துவிட்டு ஒன்றும் பேசாமல் இன்னொரு கரண்டி எடுத்தான். அந்த நீரை வடிகட்டிக் கொதிக்க வைத்து, இஞ்சி சோடாவில் கொஞ்சம் சர்க்கரையைக் குறைத்துச் சேர்த்தால், குடிக்க ஒரு கெட்டித்தன்மை வருகிறது, தானிய மணமும் வருகிறது. எனக்கு இப்போது இதுதான் பிடித்தது.

மாம்பழக் காலத்தில் பெங்களூராப் பழத்தின் சாறு அரை கப் சேர்ப்பேன். அப்போது சர்க்கரையை 100 கிராமாகக் குறைத்துவிட வேண்டும். பழம் சேர்த்த பாட்டில் இன்னும் வேகமாக இறுகும், அரை நாளுக்கு ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

யாருக்குக் கொடுப்பது என்பதிலும் நான் கவனமாக இருக்கிறேன். எவ்வளவு சீக்கிரம் நிறுத்தினாலும் துளி ஆல்கஹால் இருக்கத்தான் செய்யும். அதனால் சின்னக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுப்பதில்லை. குடியை விட்டுவிட்டு இருப்பவர்களுக்கு அந்த வாசனைகூடத் தொல்லை தரலாம். எங்கள் சொந்தத்தில் அப்படி ஒருவர் வந்தால் பாட்டிலை வெளியே எடுக்கவே மாட்டேன், அவருக்கு வெறும் எலுமிச்சை ஜூஸ்.

வாரம் ஒருமுறைதான் சோடா போடுவீர்கள் என்றால் உறையைப் பிரிட்ஜில் வையுங்கள். வாரத்துக்கு ஒரு கரண்டி இஞ்சி, ஒரு கரண்டி சர்க்கரை போதும். சோடா போடுவதற்கு முந்தின நாள் வெளியே எடுத்து, தீனி போட்டு, குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜாடியில் பழைய துருவல் அதிகமாகச் சேர்ந்துவிட்டால் பாதியை எடுத்துவிடலாம். நான் அதைத் தூக்கிப் போடுவதில்லை, சட்னிக்கு அரைத்துவிடுகிறேன். போன மாதம் மகன் ஒரு சின்ன டப்பாவில் உறை வாங்கிக்கொண்டு போனான். பஸ்ஸில் போகும்போது மூடியை இறுக்காதே, ஒரு சுற்றுத் தளர்த்தி நிமிர்த்தி வைத்துக்கொள் என்று சொல்லி அனுப்பினேன்.