பீத்தோவனின் நன்றிப்பாடலை முதன்முதலாகக் கேட்கப் போகிறவர்களுக்கு

முதல் தடவையே முழுப் படைப்பையும் கேட்க உட்காராதீர்கள். பீத்தோவனின் ஏ மைனர் ஸ்ட்ரிங் குவார்டெட், ஓபஸ் (படைப்பு எண்) 132, ஐந்து பகுதிகள் கொண்டது, மொத்தம் முக்கால் மணி நேரத்துக்குக் கிட்டே வரும். நன்றிப்பாடல் என்பது நடுவில் இருக்கும் மூன்றாம் பகுதி, அதிலிருந்து ஆரம்பியுங்கள். வாசிப்பவர்களின் வேகத்தைப் பொறுத்து அது மட்டுமே 15 முதல் 20 நிமிஷம் வரை போகும். குவார்டெட் என்றால் நான்கு வாத்தியங்கள்: இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ, அவ்வளவுதான்.

அம்மா ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த வாரத்தில்தான் நான் இதை ஒழுங்காகக் கேட்டேன். அடுத்த அறையில் அவள் கட்டிலை விட்டு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைப்பாள், நின்று மூச்சு வாங்குவாள், மறுபடி நாலு எட்டு. காதில் இருந்த இசையும் அதே மாதிரிதான் நடந்துகொண்டிருந்தது. அதனால்தான் இதைப் பற்றி யார் கேட்டாலும், உடம்பு தேறுகிறவரின் நடையை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள் என்று சொல்கிறேன்.

பின்னணி கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. 1825 ஏப்ரலில் பீத்தோவனுக்கு வயது 54, காது கேட்பது ஏறக்குறைய முழுதாகவே நின்றுவிட்டது. ரஷ்ய இளவரசர் கலிட்சின் கேட்டிருந்த குவார்டெட்டுகளில் ஒன்றாக இதை எழுதிக்கொண்டிருந்தபோது குடலில் கடுமையான அழற்சி வந்து படுத்துவிட்டார். வைத்தியம் பார்த்த பிரவுன்ஹோஃபர் ஒயினும் காபியும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மே மாதம் வியன்னாவை விட்டு அருகிலிருக்கும் பாடன் ஊருக்குப் போய்த் தேறிக்கொண்டிருக்கையில், அந்த டாக்டருக்கு ஒரு சின்னப் பாட்டே எழுதி அனுப்பினார்: டாக்டர் சாவுக்குக் கதவை அடைப்பார், ஸ்வரமும் துன்பத்திலிருந்து கைதூக்கிவிடும் என்று. அந்த ஸ்வரம் என்ன செய்தது என்பதைத்தான் நீங்கள் கேட்கப் போகிறீர்கள். பகுதியின் தலைப்பாக அவரே எழுதி வைத்தது இது: ‘நோயிலிருந்து மீண்டவர் இறைவனுக்குச் செலுத்தும் புனித நன்றிப்பாடல், லிடியன் முறையில்’.

லிடியன் என்றதும் பயந்துவிட வேண்டாம், கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு இது கைவந்த விஷயம். எஃப் என்ற ஸ்வரத்தை ஸட்ஜமாக வைத்த மேற்கத்திய எஃப் மேஜர் நம் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். அதில் சுத்த மத்யமத்தை எடுத்துவிட்டுப் பிரதி மத்யமத்தை வைத்தால் கல்யாணியின் ஸ்வரங்கள், அதுதான் எஃப் லிடியன். கமகம் கிடையாது, ராக பாவத்தைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள், ஸ்வரங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு விசேஷம் இருக்கிறது. கல்யாணியின் பஞ்சமத்தை ஸட்ஜமாக வைத்துக் கிரகபேதம் செய்தால் சங்கராபரணம் வரும் இல்லையா, அதேபோல இங்கேயும் காது அடிக்கடி எஃப்-ஐ விட்டுவிட்டு சி-யைத்தான் ஸட்ஜம் என்று நினைத்துக்கொள்ளும். எங்கே நிற்கிறோம் என்பது உறுதியாகத் தெரியாது. கால் இன்னும் தரையில் சரியாக ஊன்றவில்லை என்பதை இதைவிட நேராக எப்படிச் சொல்வது!

சரி, இப்போது பாட்டைப் போடுங்கள். முதல் நிமிஷத்தில் ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள்: வாத்தியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மெதுவாக நுழையும், அப்புறம் நான்கும் சேர்ந்து தேவாலயப் பாடல் போல எட்டு நீண்ட ஸ்வரங்களை வாசிக்கும். மறுபடி அந்த மெல்லிய நுழைவு, மறுபடி எட்டு ஸ்வரம். இப்படி ஐந்து வரிகள். எண்ணிக்கொண்டே கேளுங்கள், முதல் தடவை அதில் தப்பே இல்லை.

ஐந்தாவது வரி முடிந்ததும் வெளிச்சம் மாறும். டி மேஜருக்குத் தாவி, மூன்றெட்டுத் தாளத்தில், வயலின்கள் கிறுகிறுவென்று நடுங்கும் ஸ்வரங்களோடு துள்ள ஆரம்பிக்கும். அங்கே பீத்தோவன் எழுதியிருப்பது ‘புதிய வலுவை உணர்ந்தபடி’. பிறகு பாடல் திரும்ப வரும், இந்தத் தடவை முதல் வயலின் அதை மேலே எடுத்துப் பாட, கீழே மற்ற மூன்றும் சும்மா இல்லாமல் அசைந்துகொண்டே இருக்கும். மறுபடி வலு, மறுபடி பாடல்.

மூன்றாவது தடவை பாடல் வரும்போது கையில் இருக்கும் வேலையை வைத்துவிடுங்கள். ‘மிக ஆழ்ந்த உணர்வோடு’ என்று அங்கே குறித்திருக்கிறார். ஐந்து வரிகளில் முதல் வரி மட்டும்தான் மிச்சம். அந்த ஒரு வரியை நான்கு வாத்தியங்களும் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி, பின்னி, மெல்ல மெல்ல உச்சிக்குக் கொண்டுபோய், அப்புறம் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாத அளவுக்குத் தணிந்து எஃப்-இல் வந்து முடியும். எனக்கு இந்தப் படைப்பிலேயே பெரிய இடம் இதுதான்.

பேருந்திலோ சமையலறையிலோ இதைக் கேட்காதீர்கள், தணிந்த இடங்கள் எல்லாம் இரைச்சலில் போய்விடும். ராத்திரி, ஹெட்போன், ஃபோன் சைலண்டில். பதிவு எது என்றால், டக்காஷ் குவார்டெட் என்ற நால்வர் குழு வாசித்ததில் தொடங்கலாம், ஒவ்வொரு வாத்தியமும் தெளிவாகக் கேட்கும். பிறகு புஷ் குவார்டெட் 1937இல் செய்த பதிவு. பழைய ஒலிதான், முதல் இரண்டு நிமிஷம் கரகரப்பு உறுத்தும், அதற்கப்புறம் காது பழகிவிடும். நொட்டேஷன் படிக்கத் தெரிந்தவர்கள் அதை இணையத்தில் இலவசமாக இறக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், அந்த எட்டெட்டு ஸ்வரங்கள் தாளில் எவ்வளவு வெறுமையாக நிற்கின்றன என்பது கண்ணுக்கே தெரியும்.

மூன்று நான்கு நாள் இப்படிப் பழகிய பிறகு முழுப் படைப்புக்குப் போங்கள். செல்லோவின் தாழ்ந்த நான்கு ஸ்வரங்களில் முதல் பகுதி தொடங்கும். அந்த இருட்டிலிருந்து வந்தால்தான் நன்றிப்பாடலின் எடை முழுதாகத் தெரியும். அது முடிந்த கையோடு நான்காம் பகுதி, சட்டென்று ஒரு அணிவகுப்பு நடை, காலை உதறிக்கொண்டு கிளம்பும். முதலில் அது எரிச்சலாகக்கூட இருக்கலாம், நிறுத்திவிடாதீர்கள். அது சின்னதுதான், முடிவில் முதல் வயலின் தனியாகப் பேசுவது போல ஏதோ முறையிட்டு, நேராகக் கடைசிப் பகுதிக்கு இழுத்துக்கொண்டு போகும். அந்தக் கடைசிப் பகுதியின் மெட்டு முதலில் பீத்தோவன் தன் ஒன்பதாவது சிம்பொனியின் முடிவுக்காகக் குறித்து வைத்திருந்தது. அது ஏ மைனரிலேயே முட்டி மோதி, கடைசியில் வேகம் பிடித்து ஏ மேஜருக்குள் நுழையும் இடத்தில் செல்லோவை மட்டும் கேளுங்கள், உயரத்துக்குப் போய்ப் பாடிக்கொண்டிருக்கும்.