பனீர் எடுக்கும்போது கால்சியத்தைத் தெளிநீரோடு கொட்டிவிடாதிருக்க

பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்தில் மாடு வைத்திருக்கும் வீடுகளில், பால் சங்கத்துக்கு ஊற்ற முடியாமல் ஒரு வேளைப் பால் மிஞ்சிவிட்டால், மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று விற்கும் சிட்ரிக் அமிலத்தை வாங்கிவந்து பனீர் எடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. (பன்னீர் என்றால் கல்யாணப் பந்தலில் தெளிப்பதுதான் என்று பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள், இங்கே பேசுவது ஒற்றை னகரப் பனீரைப் பற்றி.) கட்டியைத் துணியில் பிடித்துக்கொண்டு, மஞ்சள் கலந்த பச்சை நிறத் தெளிநீரை மாட்டுத் தொட்டியில் கவிழ்த்துவிடுகிறோம். அதனுடன் எவ்வளவு சுண்ணாம்புச் சத்து போகிறது என்பதைப் பெருமளவு நம் கையே தீர்மானிக்கிறது.

ஒரு லிட்டர் பசும்பாலில் ஏறத்தாழ 1200 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு பாஸ்பேட்டோடு சேர்ந்து, கேசின் என்னும் பால் புரதத் துகள்களுக்குள் ஒட்டிக்கிடக்கிறது. மீதி சுமார் 400 மில்லிகிராம் பாலின் நீர்ப்பகுதியில் கரைந்திருக்கிறது. அந்த 400-இலும் எதனோடும் சேராமல் தனித்துத் திரிவது 80 மில்லிகிராம் அளவுதான். எஞ்சியதில் பெரும்பகுதியைப் பாலில் இயல்பாகவே லிட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு கிராம் வரை உள்ள சிட்ரேட் (சிட்ரிக் அமிலத்தின் உப்பு வடிவம்) பிடித்துவைத்திருக்கிறது. இந்தப் பிடி இல்லாவிட்டால் அவ்வளவு கால்சியம் நீரில் கரைந்து நிற்காது.

பனீருக்கு நாம் சேர்க்கும் சிட்ரிக் அமிலம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. புளிப்பேற்றி, புரதத்துக்குள் இருக்கும் கால்சியம் பாஸ்பேட்டைக் கரைக்கிறது. கரைந்து வந்த கால்சியத்தில் ஒரு பங்கைச் சிட்ரேட்டாகப் பிடித்துக்கொள்கிறது. லிட்டருக்கு 2 கிராம் போட்டால் பாலில் ஏற்கெனவே இருக்கும் சிட்ரேட்டை ஏறத்தாழ இரு மடங்காக்கிவிடுகிறோம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், 'நன்றாகத் திரியட்டும்' என்று இன்னொரு கரண்டி ஊற்றும் கை தானாக நின்றுவிடும்.

செய்முறை இதுதான். அலுமினியப் பாத்திரம் வேண்டாம். அடி கனத்த எவர்சில்வர் பாத்திரத்தில் ஒரு லிட்டர் பாலை 90 டிகிரிக்குச் சூடாக்கி, ஐந்து நிமிடம் அந்தச் சூட்டிலேயே வைத்திருந்து இறக்குங்கள். பசும்பால் என்றால் 80 டிகிரிக்கும், எருமைப்பால் என்றால் 70 டிகிரிக்கும் ஆறவிடுங்கள். கால்சியம் பாஸ்பேட் மற்ற உப்புகளைப் போன்றதல்ல. சூடு கூடக்கூட அதன் கரைதிறன் குறையும். அதனால் ஆறிப்போன பாலில் அமிலத்தை ஊற்றுவது நமக்கு நட்டம். இரண்டு கிராம் சிட்ரிக் அமிலத்தை 200 மில்லி வெந்நீரில் கரைத்து, மெல்லக் கிளறியபடியே சிறிது சிறிதாக ஊற்றுங்கள். எலுமிச்சைச் சாற்றில் ஏறக்குறைய 5 சதவீதம் சிட்ரிக் அமிலம் உண்டு என்பதால் 40 மில்லி சாறு இதற்கு ஈடாகும். பழத்துக்குப் பழம் மாறுபடும்.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. முதலில் கரண்டியின் பின்புறத்தில் பொடிப்பொடியாகத் திரி ஒட்டும். நீர் இன்னும் வெள்ளையாகவே இருக்கும். அடுத்த இரண்டு மூன்று கரண்டிகளில் திரிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, நடுவே தெளிநீர் கண்ணாடிபோல் தெரியும். அந்த நொடியில் நிறுத்திவிட வேண்டும். கரைசலில் கால்பங்கு மிஞ்சினாலும் மிஞ்சட்டும். புளிப்பை அளக்கும் பிஹெச் தாளில் பார்த்தால் 5.3 அளவில் இருக்கும் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்). அதைத் தாண்டி 4.6 வரை இறக்கிவிட்டால் புரதத்தில் ஒட்டியிருந்த கால்சியம் பாஸ்பேட் அநேகமாக முழுவதும் கரைந்து நீரில் சேர்ந்துவிடும். பனீரும் புளித்து உதிரும். ஐந்து நிமிடம் அப்படியே விட்டு, வடிகட்டி, கனம் வைத்து அழுத்துங்கள்.

எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஒரு பங்கு கால்சியம் தெளிநீரில் போகத்தான் செய்யும். ஆகவே அதைக் கொட்டாமல் சப்பாத்தி மாவு பிசையவோ, பருப்பு வேகவைக்கவோ, இஞ்சியும் பச்சைமிளகாயும் தட்டிப்போட்டு சம்பாரம்போல் குடிக்கவோ பயன்படுத்துங்கள். துணியில் கட்டித் தொங்கவிடும் தயிருக்கு இது இன்னும் பொருந்தும். தயிரின் புளிப்பில் கால்சியம் ஏறத்தாழ முழுவதும் கரைந்துவிடுவதால், வடியும் நீரோடு அதில் பெரும்பகுதி போய்விடுகிறது. கெட்டித்தயிரில்தான் சத்து என்று நம்புவோர் புரதத்தை மட்டும் எண்ணுகிறார்கள்.

சீஸ் குழம்பாக உருக்கும்போது சேர்க்கும் சோடியம் சிட்ரேட்டின் கதை வேறு. அது புரதத்திடமிருந்து கால்சியத்தைப் பறித்துக்கொள்வதால் புரதம் நெகிழ்ந்து, கொழுப்பு பிரியாமல் வழவழப்பாகிறது. ஆனால் எதுவும் வடிக்கப்படுவதில்லை. கால்சியம் இடம் மாறுகிறதே தவிர, பாத்திரத்தை விட்டுப் போவதில்லை.

கால்சியத்தைச் சிட்ரேட் பிடித்துவைக்கும் இந்தக் கதையின் எதிர்ப்பக்கத்தை எங்கள் வீட்டு மாடே காட்டியது. சினைமாடு கறவை வற்றும் தறுவாயில் கொடுத்த பால் புளிக்கவே இல்லை. ஆனாலும் பாலோடு ஆல்கஹால் கலந்து திரிகிறதா என்று சங்கத்தில் பார்க்கும் சோதனையில் திரிந்து, கேன் திரும்பி வந்தது. அப்பருவத்தில் பாலின் உப்புச் சமநிலை மாறி, தனித்துத் திரியும் கால்சியம் கூடினால் இப்படி நேரும். அதற்காக விற்கும் பாலில் சிட்ரேட்டைக் கலந்து சரிசெய்ய நினைக்கக்கூடாது, அது கலப்படம்.

கரைந்திருக்கும் கால்சியம்தான் உடலில் சேரும் என்ற முடிவுக்கும் வந்துவிட வேண்டாம். இரைப்பையின் அமிலம் பனீரில் உள்ள பாஸ்பேட்டையும் கரைத்துவிடும். பாலின் கால்சியத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் உடலில் சேருகிறது. சிட்ரேட் பிடித்த கால்சியம் குடலில் எளிதாக விடுபடும். இரைப்பையில் அமிலம் குறைந்தவர்களுக்குக் கார்பனேட் மாத்திரையைவிடச் சிட்ரேட் மாத்திரை ஏற்றதாக இருப்பதும் அது கரைவதற்கு அமிலத்தை அவ்வளவாக நம்பியிராததால்தான். பாலக்கீரையில் உள்ள, கால்சியத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும் ஆக்சலேட் அப்படி விடாது. அந்தக் கீரையின் கால்சியத்தில் 5 சதவீதம் அளவே உடலுக்குக் கிடைக்கிறது. கால்சியத்துக்காகவே பனீர் எடுக்கிறீர்கள் என்றால், அதைப் பாலக்கீரையை விட்டுவிட்டுக் குடைமிளகாயோடோ பச்சைப் பட்டாணியோடோ சமைப்பது மேல்.