தாளைப் பார்த்த பிறகு காரைப் பார்க்கலாம்: பிரிட்டனில் பழைய கார் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கார் பற்றித் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு போகிறார்கள். அவர் போனெட்டைத் திறந்து பார்ப்பார், டயரைத் தட்டிப் பார்ப்பார், தெருவைச் சுற்றி ஓட்டிவிட்டு வந்து "வண்டி பரவாயில்லை" என்பார். அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் பிரிட்டனில் பழைய கார் வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர்களிடம் பேசிப் பார்த்தால், எஞ்சின் கெட்டுப் போனதைப் பற்றிய புலம்பலைவிட, கடன், வரி, காப்பீடு, முகவரி என்று தாளிலும் கணினியிலும் பதிவாகியிருந்ததைக் கவனிக்காமல் விட்டதைப் பற்றிய புலம்பலையே அதிகம் கேட்கிறேன். இத்தனைக்கும் அவற்றில் பெரும்பகுதியைக் காரின் பதிவு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம்.

முதல் தவறு, எம்.ஓ.டி. எனப்படும் சாலைத் தகுதிச் சோதனையின் வரலாற்றைப் படிக்காமல் கிளம்புவது. மூன்று வயதான கார் ஆண்டுக்கொரு முறை இந்தச் சோதனைக்குப் போக வேண்டும். வட அயர்லாந்தில் மட்டும் முதல் சோதனை நான்காம் ஆண்டில் வருகிறது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகியவற்றில் 2005 முதல் நடந்த சோதனைகளின் முடிவுகளை அரசின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். "எம்.ஓ.டி. இன்னும் பத்து மாதம் இருக்கிறது" என்று விளம்பரத்தில் எழுதியிருந்தால் பலருக்கும் அதுவே போதுமானதாக இருக்கிறது. தேறியதா இல்லையா என்பதைக் காட்டிலும், தேறிய ஆண்டுகளிலும் சோதகர் கீழே எழுதி வைத்த அறிவுரைக் குறிப்புகளில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு காரின் பக்கத்தைத் திறந்து கீழிருந்து மேலாகப் படிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 2021இல் 41,000 மைல், 2022இல் 52,000, 2023இல் 63,000. ஆண்டுக்குப் பதினோராயிரம் மைல் என்று சீராக ஓடிய வண்டி 2024இல் 64,000 மைலில் நிற்கிறது. வண்டி ஓராண்டு எங்கோ ஓடாமல் கிடந்திருக்கலாம், உரிமையாளர் வீட்டிலிருந்து வேலை பார்த்திருக்கலாம், அல்லது யாராவது மீட்டரில் கை வைத்திருக்கலாம். சோதகர் ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டிவிடுவதும் உண்டு என்பதால், ஓர் ஆண்டின் எண்ணை மட்டும் பார்த்துக் குற்றஞ்சாட்டாமல் முன்னும் பின்னும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே பக்கத்தில் "முன் டயர்கள் தேய்மான எல்லையை நெருங்குகின்றன" என்ற குறிப்பு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வந்தால், பணம் செலவழிக்க மனமில்லாத ஒருவரிடம் அந்தக் கார் இருந்திருக்கிறது என்று பொருள். சட்டப்படி டயரின் பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு அந்த எல்லை வரை இழுத்தடிப்பவர், எஞ்சின் எண்ணெயை மட்டும் நேரத்துக்கு மாற்றியிருப்பார் என்று நான் நம்பமாட்டேன்.

எம்.ஓ.டி. சோதனை எஞ்சின், கிளட்ச், கியர் பாக்ஸ் ஆகியவற்றின் நிலையைப் பார்ப்பதில்லை என்பதையும் பலர் அறிவதில்லை. நேற்றுத் தேறிய காரின் டைமிங் பெல்ட் நாளை அறுந்து போகலாம். பெரும்பாலான எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி, பழுது பார்க்கும் செலவு காரின் விலையையே எட்டிவிடும். ஆகவே பெல்ட் மாற்றியாயிற்று என்று விற்பவர் சொன்னால், சர்வீஸ் புத்தகத்தில் உள்ள முத்திரையோடு நின்றுவிடாமல், மாற்றிய தேதியும் மைலும் உள்ள ரசீதைக் கேட்க வேண்டும்.

அடுத்த தவறு, லாக் புக்கை உரிமைப் பத்திரமாக எடுத்துக்கொள்வது. வி5சி எனப்படும் அந்தத் தாளில், இது உரிமைக்கான சான்று அன்று என்று அச்சிட்டே இருக்கிறது. அதில் பெயர் உள்ளவர் பதிவு பெற்ற பொறுப்பாளர் மட்டுமே. வரி, அபராதம் தொடர்பாக அரசு யாருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்பதைச் சொல்லும் தாள் அது. ஹயர் பர்ச்சேஸ், பி.சி.பி. போன்ற தவணைக் கடன்களில் வாங்கிய கார், கடைசித் தவணை கட்டி முடியும் வரை நிதி நிறுவனத்துக்கே சொந்தம். லாக் புக் தம் பெயரில் இருந்தாலும், கடன் பாக்கியுள்ள காரை நிறுவனத்தின் ஒப்புதலின்றி விற்கக் கடன் வாங்கியவருக்கு உரிமை இல்லை. இப்படிப்பட்ட காரை, கடன் இருப்பது தெரியாமல் நல்லெண்ணத்தோடு வாங்கிய தனிநபருக்கு 1964ஆம் ஆண்டின் ஹயர் பர்ச்சேஸ் சட்டம் ஓரளவு பாதுகாப்புத் தருகிறது என்றாலும், அதை நிறுவனத்திடம் நிரூபித்துக் காட்டும் அலைச்சல் வாங்கியவருடையது. காரை அடகு வைத்துப் பெறும் லாக் புக் கடனுக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது. திருட்டு வண்டியாக இருந்தால் பேச்சே இல்லை. காரும் போகும், பணமும் போகும்.

இதற்குப் பரிகாரம், சில பவுண்டுகள் முதல் இருபது பவுண்டு வரை கட்டணம் வாங்கிக்கொண்டு கடன், திருட்டு, விபத்து விவரங்களைத் தரும் சோதனை. எச்.பி.ஐ. சோதனை என்பது ஒரு நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்து பொதுப்பெயராகவே ஆகிவிட்டது. காப்பீட்டு நிறுவனம் ஈடு கொடுத்துக் கைவிட்ட கார்களும் அதில் தெரியவரும். 2017 அக்டோபர் முதல் இவை ஏ, பி, எஸ், என் என்று நான்கு வகை. ஏ, பி வகைக் கார்கள் மீண்டும் சாலைக்கு வரக் கூடாதவை. எஸ் என்றால் கட்டமைப்பில் சேதமடைந்து பழுது பார்க்கத் தக்கது. என் என்றால் கட்டமைப்புக்குச் சேதமில்லாதது. என் வகைக் கார் மோசமானதாகத்தான் இருக்கும் என்பதில்லை. ஆனால் அதன் விலை குறைந்திருக்க வேண்டும், நாளை நாம் விற்கும்போதும் குறைவாகவே போகும்.

யாரிடம் வாங்குகிறோம் என்பதிலும் ஒரு வழுக்கல் உண்டு. டீலரிடம் வாங்கினால் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் துணைக்கு வருகிறது. வாங்கும்போதே இருந்த குறை 30 நாளுக்குள் தெரியவந்தால் காரைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதன் பிறகு, ஆறு மாதம் வரை, குறை முதலிலிருந்தே இருந்ததாகக் கொண்டு பழுதுபார்த்துத் தரும்படி கேட்கலாம். ரசீதில் "பார்த்தபடியே விற்கப்பட்டது" என்று டீலர் எழுதிக் கொடுத்தாலும் இந்த உரிமை அழியாது. தனிநபரிடம் வாங்கினால், விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாகக் கார் இருந்தது என்று காட்டினால் ஒழியப் பெரும்பாலும் நட்டம் நம்முடையதே. இந்தப் பொறுப்பிலிருந்து தப்பிக்க டீலர்கள் சிலர் தனிநபர் போல விளம்பரம் கொடுக்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க இந்த ஊரில் ஒரு பழைய உபாயம் இருக்கிறது: தொலைபேசியில் "கார் விஷயமாகப் பேசுகிறேன்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது. மறுமுனையில் "எந்தக் கார்?" என்ற கேள்வி வந்தால் அவர் வீட்டு வாசலில் ஒன்றுக்கு மேற்பட்ட கார்கள் நிற்கின்றன. அவ்வாறே, வீட்டு முகவரி தராமல் சூப்பர் மார்க்கெட் கார் நிறுத்தத்துக்கு வரச் சொல்பவரிடம் வாங்கவே கூடாது. லாக் புக்கில் உள்ள முகவரியின் வாசலில் நின்று காரைப் பார்ப்பதுதான் முறை. டீலரிடம் முன்பணத்தையாவது கடன் அட்டையில் கட்டுவது நல்லது; விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டுக்கு மிகாமல் இருந்தால், ஒரு பகுதியை மட்டும் அட்டையில் கட்டியிருந்தாலும் முழுத் தொகைக்கும் அட்டை நிறுவனம் கூட்டுப் பொறுப்பாகிறது.

இவ்வளவும் சரியாக இருந்த பிறகுதான் காரைப் பார்க்கப் போக வேண்டும். போனதும் போனெட்டின் மேல் கை வைத்துப் பார்க்கலாம். சூடாக இருந்தால், நாம் வருமுன்பே யாரோ எஞ்சினை ஓடவிட்டிருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் திணறுவதையும் புகைப்பதையும் மறைக்க அதுவே எளிய வழி. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, உட்புறம் தயிர் படிந்தது போல வெளுத்திருந்தால் நீர் கலந்திருக்கிறதா என்று சந்தேகிக்க வேண்டும், குறுந்தூரம் மட்டுமே ஓடிய காரில் குளிர்காலத்தில் இது கொஞ்சம் படிவது இயல்பு என்றாலும்.

லண்டனில் வசிப்பவர்கள் விலை மலிவாக இருக்கிறதே என்று பழைய டீசல் காரை வாங்குவது இப்போது விலை உயர்ந்த தவறாகிவிட்டது. மிகக் குறைந்த மாசு மண்டலம் 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா நகர்ப்பகுதிகளுக்கும் விரிந்துவிட்டதால், அதன் மாசுத் தரத்துக்கு உட்படாத கார் தெருவில் ஓடும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு கட்ட வேண்டும். வாரத்துக்கு ஐந்து நாள் வேலைக்குப் போய்வந்தால் ஆண்டுக்கு 3,250 பவுண்டு. பல பழைய கார்களின் விலையே அவ்வளவு இருக்காது. பொதுவாக 2006 தொடக்கத்திலிருந்து பதிவான பெட்ரோல் காரும் 2015 செப்டம்பரிலிருந்து பதிவான டீசல் காரும் தேறிவிடும் என்றாலும், பதிவு எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுவதே உறுதி. பர்மிங்காமிலும் பிரிஸ்டலிலும் இதுபோன்ற கட்டணம் உண்டு. கிளாஸ்கோ, எடின்பரோ ஆகிய ஸ்காட்லாந்து நகரங்களின் மண்டலங்களிலோ கட்டணம் கட்டி நுழையவும் வழியில்லை, நுழைந்தால் அபராதம்தான். லண்டனில் தேறிய டீசல் காராகவே இருந்தாலும், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வருவதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்வது பொருத்தமில்லை. நீண்ட ஓட்டம் கிடைக்காத டீசல் காரில் புகைக்கரி வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

காப்பீட்டுக்கு வருகிறேன். காரை வாங்கிவிட்டுக் காப்பீட்டு விலை கேட்பது தலைகீழான வரிசை, ஏனெனில் இளைஞர்களுக்கும் புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கும் காப்பீடே காரின் விலையைத் தாண்டுவது சாதாரணம். அந்த விலையைக் குறைக்க நம் குடும்பங்களில் செய்யப்படும் ஒரு காரியம் இருக்கிறது. பதினெட்டு வயது மகன் தினமும் கல்லூரிக்கு ஓட்டும் காரை, தந்தையின் பெயரில் காப்பீடு செய்து, மகனைக் கூடுதல் ஓட்டுநராகச் சேர்ப்பார்கள். தந்தைதான் உண்மையில் அதிகம் ஓட்டுபவர் என்றால் இதில் குற்றமில்லை. மகனே முதன்மை ஓட்டுநர் என்றால், இங்கே ஃப்ரன்டிங் என்று அழைக்கப்படும் இது மோசடி. விபத்தின்போது காப்பீட்டு நிறுவனம் கேள்வி கேட்கத் தொடங்கினால் ஈடு மறுக்கப்படலாம், இருவர் பெயரும் கெடும், பிறகு வேறு எந்த நிறுவனத்திடம் போனாலும் இதைச் சொல்லியே தீர வேண்டும்.

பயன்பாட்டு வகையிலும் இதே கவனம் தேவை. சொந்த உபயோகத்துக்கு மட்டும் எடுத்த காப்பீட்டில் வேலைக்குப் போய்வருவது அடங்காமல் இருக்கலாம். மாலையில் உணவு விநியோகத்துக்குக் காரை எடுப்பது சாதாரணக் காப்பீட்டில் அடங்கவே அடங்காது. காவல்துறை நிறுத்தினால் அது காப்பீடின்றி ஓட்டியதாகவே கொள்ளப்படும்: 300 பவுண்டு அபராதம், உரிமத்தில் ஆறு தண்டனைப் புள்ளிகள். முதல் ஓட்டுநர் தேர்வில் தேறி இரண்டு ஆண்டுக்குள் ஆறு புள்ளிகள் சேர்ந்தால் உரிமமே ரத்தாகிறது. மறுபடி கற்றல் உரிமத்திலிருந்து தொடங்க வேண்டும். இந்திய, இலங்கை உரிமங்களோடு வருவோரும் ஒரு கணக்கை மறந்துவிடுகிறார்கள். குடியேறிய நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் வரைதான் அந்த உரிமத்தில் ஓட்டலாம். இவ்விரு நாடுகளின் உரிமங்களையும் இங்கே நேரடியாக மாற்றிக்கொள்ள முடியாது. எழுத்துத் தேர்வும் ஓட்டுநர் தேர்வும் எழுதியே ஆக வேண்டும். பதின்மூன்றாம் மாதத்தில் ஓட்டினால் உரிமமும் இல்லை, காப்பீடும் செல்லாமல் போகலாம்.

சாலை வரி காரோடு கைமாறும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கண்ணாடியில் ஒட்டும் வட்டச் சீட்டு ஒழிந்த 2014 அக்டோபர் 1 முதல் அது மாறுவதில்லை. விற்றவருக்கு மீதமுள்ள முழு மாதங்களின் வரி திரும்பிப் போகிறது; வாங்கியவர் லாக் புக்கின் பச்சைச் சீட்டில் உள்ள பன்னிரண்டு இலக்க எண்ணைக் கொண்டு, வண்டியை எடுப்பதற்கு முன்பே புதிய வரி கட்ட வேண்டும். புதிய வரி மாதத்தின் முதல் நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது. நான் இங்கே முதல் காரை ஒரு மாதத்தின் 30ஆம் தேதி வாங்கி, ஒன்றரை நாளுக்கு முழு மாத வரி கட்டினேன். விற்றவருக்கும் அந்த மாதத்தின் பணம் திரும்பாததால், ஒரே காருக்கு ஒரே மாதத்தில் அரசு இரண்டு முறை வாங்கிக்கொண்டது.

கடைசியாக முகவரி. வீடு மாறும்போது ஓட்டுநர் உரிமத்தில் முகவரியை மாற்றிவிட்டு லாக் புக்கையும் மாற்றியதாக நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் உரிமங்களையும் வாகனப் பதிவையும் கவனிக்கும் ஒரே டி.வி.எல்.ஏ. அலுவலகத்தின் பொறுப்பு என்றாலும் தனித்தனியாகத் தெரிவிக்க வேண்டியவை. வேகக் கேமராவில் சிக்கினால் நோட்டீசு லாக் புக் முகவரிக்குத்தான் போகும்; ஓட்டியது யார் என்று 28 நாளுக்குள் பதில் தர வேண்டும். பழைய வீட்டின் வாசலில் அந்தக் கடிதம் திறக்கப்படாமல் கிடந்தால், மூன்று புள்ளிகளோடு முடிந்திருக்க வேண்டியது, பதில் தராத குற்றத்துக்காக ஆறு புள்ளிகளாகவும் 1,000 பவுண்டு வரையிலான அபராதமாகவும் வளர்கிறது.

காரை விற்கும்போதும் இதே கதைதான். புதியவர் தெரிவித்துக்கொள்வார் என்று லாக் புக்கை முழுதாக அவர் கையில் கொடுத்து அனுப்பினால், அவருடைய பார்க்கிங் அபராதங்களும் மாசுக் கட்டணங்களும் நம் வீட்டுக்கு வரும். அவர் கண்முன்னேயே இணையத்தில் விற்பனையைப் பதிந்து, பச்சைச் சீட்டை மட்டும் கொடுத்துவிட வேண்டும். இருவரும் கையெழுத்திடும் ரசீதில் தேதியோடு மணியையும் எழுதுவது நல்லது. மூன்று மணிக்குக் கைமாறிய கார் நாலரை மணிக்கு வேகக் கேமராவில் விழுந்தால், அன்று ஓட்டியது யார் என்பதற்கு நம்மிடம் இருக்கும் சான்று அந்த மணிதான்.