சித்தப்பாவுக்கு ஒரு பழைய பெரிய வண்டி: பானெட்டைத் திறக்கும் முன் இன்சூரன்ஸ் தாளைத் திறவுங்கள்

2024 தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது சித்தப்பா பேச்சை ஆரம்பித்தார். "தம்பி, உசரமா ஒரு வண்டி பாரு. ஏழு பேர் உட்காரணும், தோப்புக்குப் போற பாதையில அடி தட்டக் கூடாது." அவர் சொன்ன தொகைக்கு அந்த அளவில் புது வண்டி வராது. செகண்ட் ஹேண்டில் டொயோட்டா ஃபார்ச்சூனரோ ஃபோர்டு எண்டேவரோதான். மூன்று மாதம் அலைந்து, நடுவில் ஒரு அட்வான்ஸையும் இழந்து, கடைசியில் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். அதில் தெரிந்துகொண்டதுதான் இது.

முதல் படி: ஓட்டப்போவது யார், எவ்வளவு தூரம்?

நாம் வாங்குவது நமக்கு இல்லை என்பது எளிதில் மறந்துவிடும். எனக்கு எண்டேவர் மேல் ஒரு கண். மறைமலை நகரில் தயாரான வண்டி, நெடுஞ்சாலையில் ஏறினால் இறங்க மனசு வராது. ஆனால் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்துவிட்டது. சர்வீஸ் கிடைக்கிறது, உதிரிபாகமும் வருகிறது. இருந்தாலும் ஒரு சின்ன சாமானுக்காக மாவட்டத் தலைநகரில் போய்க் காத்திருக்கப்போவது சித்தப்பா, நான் இல்லை. மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அடுத்து டீசல். 2020 ஏப்ரல் முதல் வந்த பிஎஸ்-6 (புகை மாசுக்கான புதிய விதி; அதற்கு முந்தையது பிஎஸ்-4) டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரி எரிந்துபோக வேண்டுமானால் வண்டி கொஞ்ச நேரம் நல்ல வேகத்தில் ஓடி, புகைக்குழாய் சூடாக வேண்டும். சித்தப்பாவின் ஓட்டமோ வீட்டிலிருந்து தோப்புக்கு நாலு கிலோமீட்டர், திரும்ப நாலு கிலோமீட்டர். கரி சேர்ந்துகொண்டே போய் எச்சரிக்கை விளக்கு எரியும். அதனால் பிஎஸ்-4 வண்டிதான் என்று முடிவுசெய்தேன். அவருக்கு இடது முழங்கால் வலி இருப்பதால் க்ளட்ச் மிதிக்கத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக்.

ஃபார்ச்சூனரில் 2016 நவம்பரில் வந்த இரண்டாம் தலைமுறைக்கு முந்தையதில் பெரும்பாலும் 3.0 டீசல் எஞ்சின். அதில் டைமிங் பெல்ட் (எஞ்சினின் உள் பாகங்களை ஒரே தாளத்தில் ஓட்டும் பட்டை). ஒன்றரை லட்சம் கிலோமீட்டரில் மாற்ற வேண்டும், மாற்றியதற்கு பில் கேளுங்கள். பின்னால் வந்த 2.8 டீசலில் செயின், அந்தக் கவலை இல்லை. (வயதானவர்கள் ஏறி இறங்க இன்னோவா கிறிஸ்டாதான் சௌகரியம் என்று சித்தியும் நானும் சொல்லிப் பார்த்தோம். "அது டிராவல்ஸ்காரன் வண்டி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.)

இரண்டாம் படி: காகிதம்

நான் விழுந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தை மாதம் ஒரு வெள்ளை வண்டி வந்தது. 2019 மார்ச் ரிஜிஸ்ட்ரேஷன், சிங்கிள் ஓனர். "டாக்டர் வெச்சிருந்த வண்டி சார்" என்றார் புரோக்கர். புரோக்கர்கள் விற்கும் வண்டிகளை எல்லாம் எண்ணினால் தமிழ்நாட்டில் வீட்டுக்கு ஒரு டாக்டர் இருக்க வேண்டும். உள்ளே புத்தம் புது கார்பெட், நல்ல வாசனை. இன்சூரன்ஸ் தாளில் தேதி முடியவில்லை என்பதை மட்டும் பார்த்துவிட்டு 25,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தேன்.

மெக்கானிக் நண்பனிடம் தாளைக் காட்டியபோது அவன் தேதியைப் பார்க்கவே இல்லை. "என்சிபி ஏன் சைபர்னு இருக்கு?" என்றான்.

என்சிபி என்பது க்ளைம் வாங்காத உரிமையாளருக்கு, சொந்தச் சேத காப்பீட்டின் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. முதல் வருடம் க்ளைம் இல்லை என்றால் 20 சதவீதம். பிறகு 25, 35, 45 என்று ஏறி ஐந்தாவது வருடத்துக்குப் பிறகு 50. ஒரே ஓனர், ஐந்து வருடம் க்ளைம் இல்லை என்றால் 2024 மார்ச்சில் புதுப்பித்த பாலிசியில் 50 இருக்க வேண்டும். சைபர் என்றால் அதற்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் ஏதோ நடந்திருக்கலாம். உரிமையாளரைக் கூட்டிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போய் ஜாப் கார்டுகளை (ஒவ்வொரு முறையும் என்ன வேலை செய்தார்கள் என்ற பதிவு) வாங்கிப் பார்த்தோம். 2023 டிசம்பர், வண்டியைக் கட்டி இழுத்து வந்தது, வயரிங் மாற்றியது, கார்பெட் மாற்றியது. வெள்ளத்தில் நின்ற வண்டி.

அந்த டிசம்பர் தொடக்கத்தில் சென்னையில் மிக்ஜாம் புயல், 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் பெருவெள்ளம். அந்தத் தண்ணீரில் நின்ற வண்டிகள் எல்லாம் உடைப்புக்குப் போய்விடவில்லை. கழுவித் துடைத்து வேறு மாவட்டத்தில் நிற்கின்றன. அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்தது.

ஆக, வண்டியைப் பார்க்கக் கிளம்பும் முன்பே வாட்ஸ்அப்பில் ஆர்.சி.யும் இன்சூரன்ஸும் கேளுங்கள். தர மறுத்தால் போகவே வேண்டாம், பெட்ரோல் மிச்சம். நம்பரை எம்பரிவாகன் செயலியில் போட்டால் எத்தனையாவது ஓனர், எஃப்.சி. எதுவரை, வண்டியின் பேரில் கடன் இருக்கிறதா என்பது தெரியும். பழைய வண்டி விற்கும் ஆன்லைன் கம்பெனிகள் தரும் 200 பாயிண்ட் சோதனை ரிப்போர்ட்டை நான் நம்புவதில்லை. விற்பவரே கொடுக்கும் நற்சான்றிதழ் அது.

மூன்றாம் படி: வண்டி

காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். பானெட்டில் கை வைத்துச் சூடாக இருந்தால், ஸ்டார்ட்டிங் பிரச்சினையை மறைக்க முன்பே ஓட விட்டிருக்கலாம். இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள்.

டார்ச் லைட்டும் பழைய துணியும் போதும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். சேறு கோடு போட்டிருந்தால் தண்ணீர் பார்த்த வண்டி. சீட் தண்டவாளத்தின் அடியில் துருவைத் தேடுங்கள். எல்லாக் கண்ணாடிகளிலும் தயாரிப்பு வருடத்தின் குறி இருக்கும், ஒன்று மட்டும் வேறாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். டயரில் நாலு இலக்க எண் உண்டு: 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-வது வாரம். மீட்டர் 40,000 காட்டி, டயர் மட்டும் புதிது என்றால் மீட்டரைச் சந்தேகப்படுங்கள். பானெட், ஃபெண்டர் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தழும்பு இருந்தால் டிங்கரிங் நடந்திருக்கிறது. வண்டி ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து, புகை குபுகுபு என்று வந்தால் வீட்டுக்குக் கிளம்பலாம்.

ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த கோளாறுகளைப் போனில் காட்டும் கருவி) ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பெயிண்ட் கனம் அளக்கும் கருவியைவிட அது பத்து மடங்கு உபயோகம். எரர் எதுவும் இல்லை என்று காட்டினாலும் 'ரெடினெஸ்' பக்கத்தை, அதாவது வண்டி தன் சுயசோதனைகளை முடித்துவிட்டதா என்று காட்டும் பக்கத்தைப் பாருங்கள். எல்லாம் 'முடியவில்லை' என்று இருந்தால், நீங்கள் வரும் முன் யாரோ எரர்களை அழித்திருக்க வாய்ப்பு அதிகம்.

நான்காம் படி: பெயர் மாற்றம்

படிவம் 29, 30. கடன் இருந்திருந்தால் படிவம் 35-உம் பேங்க் என்.ஓ.சி.யும். கடனை அடைத்துவிட்டார், ஆர்.சி.யில் ஹெச்.பி. (கடன் கொடுத்த பேங்கின் உரிமைக் குறிப்பு) கேன்சல் ஆகவில்லை என்றால் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பழைய ஓனரின் என்சிபி உங்களுக்கு வராது. அது வண்டிக்கு அல்ல, ஆளுக்கு உரியது.

சித்தப்பாவுக்கு அமைந்தது 2018 ஃபார்ச்சூனர் 2.8 ஆட்டோமேட்டிக், 92,000 கிலோமீட்டர், என்சிபி 50.

பின்சேர்க்கை: என்சிபி சைபர் என்றாலே வண்டியை ஒதுக்கிவிடலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். பாலிசி முடிந்து 90 நாளுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டாலும் சைபர் ஆகும். உரிமையாளர் தன் என்சிபியைப் புது வண்டிக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தாலும் ஆகும். வெறும் தேர்டு பார்ட்டி பாலிசியில் அந்த வரியே இருக்காது. மறுபக்கமும் உண்டு: என்சிபி பாதுகாப்பு என்று தனியாகப் பணம் கட்டியிருந்தால் க்ளைம் வாங்கிய பிறகும் 50 அப்படியே நிற்கலாம். ஆகவே எந்த எண் இருந்தாலும் ஜாப் கார்டையும் பாருங்கள்.

இன்னொருவர் டெல்லி வண்டி பாதி விலைக்கு வருகிறதே என்றார். பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு அங்கே வந்த தடையால் மலிவாக இங்கே இறங்கியவை அவை. அங்கிருந்து என்.ஓ.சி., இங்கே மறுபதிவு, அதற்குமேல் தமிழ்நாட்டு வாழ்நாள் வரி. புரோக்கர் "நாங்க பாத்துக்கிறோம்" என்றால், டி.என். நம்பர் விழுந்த பிறகு பணம் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.