‘நான் அங்கே இல்லை’ என்றால் போதுமா? அலிபி வாதம் சறுக்கும் இடங்கள்

சம்பவ நேரத்தில் நான் வேறு இடத்தில் இருந்தேன் என்று கொலை வழக்கில் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், சொல்வதுதான் அலிபி. 1872 சாட்சியச் சட்டம் இதற்கு எளிதான உதாரணம் தந்தது: குற்றம் கல்கத்தாவில், ஆள் லாகூரில். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டத்தில் அது சென்னை, லடாக் என்று மாறியிருக்கிறது. நிஜ வழக்குகளில் தூரம் பெரும்பாலும் நாலு பஸ் ஸ்டாப்தான். சிக்கலே அங்கேதான்.

1981இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த அலகாபாத் கொலை வழக்கைப் பாருங்கள். எதிரி பக்கத்து நைனியில் ஒரு தொழிற்சாலை ஊழியர். அன்று வேலைக்குப் போனதாக அவர் தரப்பில் சாட்சிகள் இருந்தார்கள். ஆலைக்குள் நுழையும்போது கார்டை பஞ்ச் செய்ய வேண்டும். வெளியே போகும்போது தேவையில்லை. நீதிபதிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். எட்டரைக்கு ஆலையில் இருந்தவர் ஒன்பது மணிக்குக் கொலை நடந்த இடத்தில் நிற்க முடியும், தூரம் அவ்வளவு குறைவு என்றார்கள். சாட்சிகள் சொன்னதை அப்படியே ஏற்றாலும் அந்த அரை மணி நேரம் திறந்தே கிடந்தது. ‘அன்று ஆபீஸில் இருந்தேன்’ என்று நிறுத்திக்கொள்வதுதான் முதல் தவறு. அங்கே வந்திருக்கவே முடியாது என்று காட்ட வேண்டும். அதே தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது: எதிரி தரப்புச் சாட்சிகளையும் அரசுத் தரப்புச் சாட்சிகளைப் போலவே மதிக்க வேண்டும். கீழ் நீதிமன்றங்களில் இது அடிக்கடி மறந்துபோகிறது என்பது என் எண்ணம்.

அடுத்தது தாமதம். அரசுத் தரப்புச் சாட்சிகள் எல்லாம் முடிந்து, நீதிபதி எதிரியிடம் நேரடியாகக் கேள்வி கேட்கும் கட்டத்தில்தான் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 313ஆம் பிரிவு, இப்போது அதன் இடத்தில் வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 351) சிலர் முதல்முறையாக ‘நான் ஊரிலேயே இல்லை’ என்கிறார்கள். அதற்குள் சிசிடிவி பதிவு அழிந்திருக்கும். பல கடைகளில் சில வாரங்களில் பழைய காட்சியின் மேலேயே புதியது பதிவாகிவிடும். கிடைத்த பதிவைப் பென்டிரைவில் நகலெடுத்துக் கொடுத்தாலும், புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் இல்லாவிட்டால் கதை அங்கேயே முடியும். செல்போன் டவர் விவரமும் போன் இருந்த இடத்தைத்தான் சொல்லும். போன் யார் கையில் இருந்தது என்பதைச் சொல்லாது.

சரி, அலிபி பலவீனம் என்றால் கண்ணால் பார்த்தவர் சொன்னது வேதவாக்கா? இல்லை. எதிரி அங்கே இருந்தார் என்பதை அரசுத் தரப்பு முதலில் நிரூபிக்க வேண்டும். அதன் பிறகுதான் அலிபியின் முறை. பீகார் வழக்கு ஒன்றில் 1996இல் உச்ச நீதிமன்றம் இந்த வரிசையை வகுத்தது. ஆகவே கண்ணால் பார்த்த சாட்சியைக் கேள்வி கேட்காமல் அலிபியை மட்டும் நம்பி வழக்கு நடத்துவது வீண். அவர் எவ்வளவு தூரத்தில் நின்றார், வெளிச்சம் எங்கிருந்து வந்தது, எதிரியை முன்பே தெரியுமா? முன்பின் தெரியாதவர் என்றால் அடையாள அணிவகுப்பு (பலரோடு எதிரியை நிறுத்தி, சாட்சியை அடையாளம் காட்டச் சொல்வது) நடந்ததா, அதற்கு முன் போலீஸ் போட்டோ காட்டியதா? அணிவகுப்பே நடக்காமல் கோர்ட்டில் முதல்முறையாகக் கூண்டைக் கை காட்டினால், அந்த அடையாளத்துக்குப் பொதுவாக மதிப்புக் குறைவு. பல வருடமாகத் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர் என்றால் அணிவகுப்பு இல்லை என்ற வாதம் எடுபடாது.

‘ஒரே ஒரு சாட்சிதானே’ என்று அசட்டையாக இருப்பதும் ஆபத்து. முத்துப்பேட்டை டீக்கடைக்காரர் கொலை வழக்கில் நேரில் பார்த்ததாகச் சொன்னவர் இறந்தவரின் மனைவி மட்டுமே. உச்ச நீதிமன்றம் 1957இல் அதை ஏற்றுத் தண்டனையை உறுதி செய்தது. தலை எண்ணிக்கையைவிட நம்பகம்தான் முக்கியம் என்பதற்கு இன்றும் வக்கீல்கள் அந்தத் தீர்ப்பைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள்.

அலிபி தோற்றதும் ‘அப்போ இவன்தான் கொலைகாரன்’ என்று முடிவு கட்டுவது செய்தி படிப்பவர்கள் செய்யும் தவறு. அலிபி தோற்றதாலேயே அரசுத் தரப்பு ஜெயித்ததாகாது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மற்ற ஆதாரங்கள் உறுதியாக இருந்தால் பொய்யான அலிபி அந்த ஆதாரச் சங்கிலியில் கூடுதல் கண்ணியாகச் சேரும், அவ்வளவுதான்.