அடிதடியைக் குறைக்கும் பயிற்சி: ஒரு வட்டாரத்தில் தொடங்குவது எப்படி

இளைஞர்களுக்கான குற்றத் தடுப்புப் பயிற்சி என்றதும் பலருக்கு நினைவு வருவது ஒரு மேடை, ஒரு மைக், ஒரு மணி நேர அறிவுரை. அதற்குப் பலன் கிடையாது. 1983-இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய 'டேர்' திட்டத்தில் போலீஸார் வகுப்பறைக்கே போய் போதைப்பொருளுக்கு எதிராகப் பாடம் எடுத்தார்கள். பிறகு நடந்த ஆய்வுகள் பலவற்றில் மாணவர்களின் போதைப் பழக்கத்தில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் எதுவும் தெரியவில்லை. சண்டை விஷயமும் அப்படித்தான். சண்டை தப்பு என்று 15 வயதுப் பையனுக்குத் தெரியும். கோபம் தலைக்கேறும் அந்தப் பத்து வினாடியில் என்ன செய்வது என்பதில்தான் அவனுக்குப் பழக்கம் இல்லை. நீச்சலைப் போல இதையும் செய்துதான் பழக முடியும்.

முதலில் எங்கே, எப்போது

பாடத்திட்டம் எழுதுவதற்கு முன் கடந்த 12 மாதங்களின் தகவலைத் திரட்டுங்கள். காவல் நிலையப் பதிவு மட்டும் போதாது. அடிபட்டவர்களில் பலர் புகார் கொடுப்பதே இல்லை. வேல்ஸில் கார்டிஃப் நகரத்து அறுவை மருத்துவர் ஜோனதன் ஷெப்பர்ட் கவனித்தது இதைத்தான்: அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அடிதடிக் காயத்தோடு வருபவர்களில் பெரும்பகுதி போலீஸ் கணக்கில் இருப்பதில்லை. அதனால் மருத்துவமனையிடமிருந்து நான்கே நான்கு விவரம் கேளுங்கள்: இடம், நேரம், ஆயுதம், அடித்தவர்கள் எத்தனை பேர். பெயர் வேண்டாம், முகவரி வேண்டாம். பெயர் கேட்டால் மருத்துவமனை தராது, தரவும் கூடாது. பள்ளிகளின் ஒழுங்கு நடவடிக்கைப் பதிவேட்டையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் புள்ளி வையுங்கள். புள்ளிகள் ஊர் முழுக்கச் சிதறி இருக்காது. ஒரு பேருந்து நிறுத்தம், ஒரு மைதானம், பள்ளி விட்ட முதல் அரை மணி நேரம் என்று சில இடங்களிலும் சில நேரங்களிலும் குவிந்து கிடக்கும். பயிற்சி எந்தப் பள்ளியில், யாருக்கு, என்ன காட்சியை வைத்து என்பதெல்லாம் இங்கிருந்துதான் வரவேண்டும்.

யாரைச் சேர்ப்பது

பெரும்பாலான திட்டங்கள் சறுக்குவது இந்த இடத்தில். "மோசமான பசங்க இருபது பேரைக் கொடுங்க" என்று பள்ளியிடம் கேட்டு, அவர்களை மட்டும் ஒரு அறையில் உட்கார வைத்தால், இடைவேளையில் நடக்கும் பேச்சே உண்மையான வகுப்பாகிவிடும். அடித்த கதைக்குச் சிரிப்பும் கைதட்டலும் கிடைக்கும். சும்மா இருந்தவனுக்கு எதுவும் கிடைக்காது. இதற்குப் பழைய சான்று உண்டு. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ்–சாமர்வில் ஆய்வில் பல ஆண்டுகள் அக்கறையோடு உதவி பெற்ற சிறுவர்களை, சுமார் 30 ஆண்டுகள் கழித்து குற்றவியல் ஆய்வாளர் ஜோன் மெக்கார்ட் தேடிப்பிடித்து, உதவி பெறாத ஒத்த சிறுவர்களோடு ஒப்பிட்டார். உதவி பெறாதவர்களைவிட இவர்களின் நிலை சில விஷயங்களில் மோசமாக இருந்தது. அதிலும், ஒன்றுக்கு மேற்பட்ட முறை கோடைக்கால முகாமுக்கு அனுப்பப்பட்டவர்களிடம்தான் கெடுதல் அதிகம் தெரிந்தது. முகாமில் இப்படிப்பட்ட பையன்கள் ஒன்றாகக் கூடியதே காரணமாக இருக்கலாம்.

ஆகவே 12 முதல் 16 பேர் கொண்ட குழுவில், அடிக்கடி வம்பில் மாட்டுபவர்கள் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். பயிற்றுநர் இருவர் கட்டாயம். ஒருவர் நடத்த, மற்றவர் முகங்களைக் கவனிக்க. பேனரில் 'குற்றத் தடுப்பு' என்று எழுதாதீர்கள். அந்த அறைக்குள் போகிறவன் எல்லாம் குற்றவாளி என்று ஊரே முடிவு கட்டிவிடும். சிறைக்குக் கூட்டிப்போய்ப் பயமுறுத்தும் யோசனையை யாராவது கூட்டத்தில் கிளப்பினால் (கட்டாயம் கிளப்புவார்கள்) அங்கேயே நிறுத்துங்கள். அவ்வகைத் திட்டங்களுக்குப் பிறகு குற்றம் குறையவில்லை, கூடியது என்பதே ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களின் முடிவு.

அமர்வு

வாரம் ஒன்றாக 10 முதல் 12 அமர்வுகள், ஒவ்வொன்றும் 90 நிமிடம். அதில் பாதி நேரமாவது எழுந்து நின்று செய்யும் பயிற்சியாக இருக்கட்டும். மேசைகளை ஓரங்கட்டி நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். முதல் நாளே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: இங்கே பேசுவது வெளியே போகாது, ஆனால் யாருடைய உயிருக்காவது ஆபத்து என்றாலோ, பெரியவர் ஒருவர் பிள்ளையைத் துன்புறுத்துகிறார் என்றாலோ, பொறுப்பாளரிடம் சொல்லியே ஆக வேண்டும். இதைப் பிறகு சொன்னால் துரோகமாகத் தெரியும்.

முதல் அமர்வுக்கு ஏற்றது சிகாகோவில் பள்ளிப் பையன்களுக்கான 'பிகமிங் எ மேன்' திட்டம் பயன்படுத்தும் பயிற்சி. இரண்டிரண்டு பேராகப் பிரியுங்கள். ஒருவர் கையில் சிறிய ரப்பர் பந்து. மற்றவரிடம், "அந்தப் பந்தை வாங்கு, 30 வினாடி" என்று மட்டும் சொல்லுங்கள். 'பிடுங்கு' என்ற சொல் உங்கள் வாயில் வந்துவிடக்கூடாது. வந்தால் பயிற்சி பாழ். ஏறத்தாழ எல்லோரும் விரலை நெம்புவார்கள், கையை முறுக்குவார்கள். ஆட்களை மாற்றி இன்னொரு 30 வினாடி. பிறகு கேளுங்கள்: "யாராவது 'கொஞ்சம் கொடேன்' என்று கேட்டீர்களா?" முதலில் சிரிப்பு, அப்புறம் "கேட்டா கொடுப்பானா?" என்ற பதில் வரும். உடனே பந்து வைத்திருந்தவன் பக்கம் திரும்புங்கள்: "கேட்டிருந்தால்?" "கொடுத்திருப்பேன், பந்துதானே." இங்கே வாயை மூடிக்கொள்வதுதான் பயிற்றுநரின் திறமை. நீதியை நீங்கள் எடுத்துச் சொன்னால் மீண்டும் மேடைப் பேச்சாகிவிடும். மோதிரம், கைக்கடிகாரம், வளையல்களை முன்பே கழற்ற வையுங்கள். ஒத்த உடல்வாகு உள்ளவர்களை ஜோடி சேருங்கள். தரையில் உருளத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். எந்தச் சூழலிலும் ஒதுங்கிப் போ என்று கற்பிப்பதல்ல இது. சில தெருக்களில் ஒதுங்கிப் போகிறவனே மறுநாள் இலக்காவான். அது பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். நின்று, 'இப்போது எந்த இடத்தில், யார் முன்னால் இருக்கிறேன்' என்று பார்க்கப் பழக்குவதே நோக்கம்.

நடிப்புப் பயிற்சிக்குக் காட்சியை வரைபடத்திலிருந்தே எடுங்கள். உதாரணமாக: ஒருவனைக் கேலி செய்யும் படம் வாட்ஸ்அப் குழுவில் சுற்றியிருக்கிறது, நிறுத்தத்தில் இருவரும் எதிரெதிரே. சீண்டுபவன், சீண்டப்பட்டவன், அவனுடைய நண்பன், செல்போனில் படம் எடுக்கும் கூட்டம். 60 வினாடி ஓடவிட்டு 'அப்படியே நில்' என்று உறைய வையுங்கள். யார் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்கள், யார் முகம் எங்கே திரும்பியிருக்கிறது என்று எல்லோரும் பார்க்கட்டும். பிறகு வேடம் மாற்றி மீண்டும். இதில் அதிகம் பழக்க வேண்டியவன் அந்த நண்பன். "விடாதடா, அவன் எப்பவும் இப்படித்தான்" என்பது எண்ணெய் ஊற்றும் பேச்சு. "வா, ஒரு வேலை இருக்கு, போகலாம்" என்பது மானம் போகாமல் வெளியேற வழி தருகிறது. எப்போதும் ஒரே பையனுக்கு ரவுடி வேடம் கொடுக்காதீர்கள். அறைக்கு வெளியிலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும்.

சமரசம் பேசுதல்

மாணவர்களே சமரசம் பேசலாம், எல்லை உண்டு. பட்டப்பெயர், வதந்தி, இரவல் வாங்கிய பொருள் வரைக்கும் சரி. ஆயுதம், பாலியல் தொல்லை, ஒருவன் தொடர்ந்து இன்னொருவனை மிரட்டுவது ஆகியவற்றைப் பெரியவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். பலம் சமமில்லாத இருவரை எதிரெதிரே உட்கார வைப்பது பாதிக்கப்பட்டவனுக்கு இரண்டாம் தண்டனை. இருவரும் சம்மதித்த பிறகு, ஆளுக்கு 3 நிமிடம் குறுக்கீடு இல்லாமல் பேச்சு. ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். கடைசியில் யார், எதை, எந்த நாளுக்குள் செய்வது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி, 7 நாள் கழித்துக் கேளுங்கள். "சரி, கை குடுங்க ரெண்டு பேரும்" என்று அவசரப்படுத்துவது நம் எல்லோருக்கும் கைவந்த பழக்கம். அந்தக் கைகுலுக்கல் வாசல் வரைக்கும்தான் தாங்கும்.

வட்டாரமாகச் சேர்வது

சண்டை எல்லைக்கோட்டைப் பார்ப்பதில்லை. ஒரு பகுதியில் மட்டும் நடத்தினால் பாதி வேலைதான். பக்கத்துப் பகுதிகள் ஒரே பாடத்திட்டத்தை ஒரே வாரத்தில் தொடங்கட்டும். பயிற்றுநர் ஜோடியில் ஆளுக்கொரு பகுதியைச் சேர்ந்தவர் இருந்தால் நல்லது. பகையுள்ள இரு தரப்பை முதல் ஆறு வாரம் ஒரே அறையில் சேர்க்காதீர்கள். பிறகு பொதுவான இடத்தில் சேர்த்தாலும் விவாதம் வேண்டாம். சேர்ந்து செய்யும் வேலை ஒன்றைக் கொடுங்கள். போலீஸார் பாதிக்கு மேல் அமர்வுகள் முடிந்த பிறகு, சீருடை இல்லாமல், வட்டத்தில் ஒருவராக வரட்டும். "அன்னிக்கு அடிச்சது யாரு?" என்று ஒரு கேள்வி வந்தால் போதும், மறுவாரம் நாற்காலிகள் காலி.

பயிற்றுநருக்கு ஒருநாள் பட்டறை போதாது. 5 நாள் பயிற்சி, அதன்பின் அனுபவசாலியோடு ஒரு சுற்று முழுவதும் உடன் நடத்துதல், அப்புறமே தனியாக. இருவர் தேவைப்படும் இடத்துக்கு மூவரைத் தயார் செய்யுங்கள். ஒருவர் வேலை மாறிப் போவார்.

பலித்ததா?

'பயிற்சி பிடித்ததா' என்ற தாளை நிரப்பச் சொல்வது வீண். எல்லோரும் பிடித்தது என்றே எழுதுவார்கள். விண்ணப்பங்கள் இடத்தைவிட அதிகமாக வந்தால் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுங்கள். அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பவர்களே ஒப்பிட ஆள். தொடக்கத்தில் புகார்கள் கூடினால் பதற வேண்டாம். நம்பிக்கை வந்ததால் வெளியே சொல்லத் தொடங்கியிருக்கலாம். மருத்துவமனைக் காயங்களின் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யுங்கள்.

'பிகமிங் எ மேன்' ஆய்வில், திட்டம் நடந்த காலத்தில் வன்முறைக் குற்றத்துக்கான கைதுகள் 45 முதல் 50 சதவீதம் குறைந்தன. திட்டம் முடிந்தபின் கைதுகளில் அந்த வித்தியாசம் நிலைக்கவில்லை. அதனால் 12-ஆவது வாரத்தோடு மூட்டை கட்டாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரே ஓர் அமர்வுக்கு அதே குழுவைக் கூப்பிடுங்கள்; அந்த நேரத்தில் வட்டாரத்தில் புதிதாக எரியும் சண்டையைக் காட்சியாக வைத்துப் பழக்குங்கள். அதற்கான தேதிகளை முதல் அமர்வின் நாளிலேயே நாட்காட்டியில் குறித்து, செலவையும் அப்போதே ஒதுக்கிவிட வேண்டும்.