வேலூர் ஏரிகளில் வலசைப் பறவைகளைப் பார்க்கத் தொடங்குவது எப்படி?

பாலாற்றுப் பாலத்தில் நின்று பார்த்தால் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் தெரியும். வலசைப் பறவைகளைப் பார்க்க ஆற்றை விட்டு ஏரிக்குப் போக வேண்டும். நம் ஊரில் சதுப்பேரி, கழிஞ்சூர், ஓட்டேரி என்று பக்கத்திலேயே ஏரிகள் இருக்கின்றன. கொஞ்சம் தள்ளிப் போக முடிந்தால் காவேரிப்பாக்கம் இருக்கிறது. பல்லவர் காலத்து ஏரி அது. வாலாஜா அருகே உள்ள அணைக்கட்டிலிருந்து பாலாற்றுத் தண்ணீர் அதற்குக் கால்வாய் வழியாகப் போகிறது.

படி 1: ஒரே ஏரியைப் பிடித்துக்கொள்ளுங்கள்

வாரம் ஒரு ஏரி என்று சுற்றாதீர்கள். வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதற்கே திரும்பத் திரும்பப் போங்கள். புதிதாக வந்த பறவை எது என்று தெரிய, போன வாரம் அங்கே எது இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். ஆவணி, புரட்டாசியிலேயே போகத் தொடங்குங்கள். சேற்றோரம் இரை தேடும் சிறு கரைப்பறவைகளான உள்ளான்கள் ஆகஸ்ட் கடைசியிலேயே தலைகாட்டும். பழுப்புக் கீச்சான், சாம்பல் வாலாட்டி எல்லாம் செப்டம்பரை ஒட்டி வரும். தகைவிலான்கள் மின்கம்பிகளில் வரிசையாக உட்காருவதை ஐப்பசியில் பார்க்கலாம். வாத்துகள் பெரும்பாலும் மழைக்குப் பிறகுதான்.

படி 2: தண்ணீர் அளவைப் பாருங்கள்

பறவையைத் தேடும் முன் இதைக் கவனியுங்கள். உள்ளான்களுக்குக் கணுக்கால் அளவுத் தண்ணீரும் சேறும் வேண்டும். ஏரி நிரம்பி வழிந்து கோடி போனால் அந்தச் சேற்றோரம் மூழ்கிவிடும், அவையும் இடம் மாறிவிடும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, அந்த மாதிரி நேரத்தில் நிறைந்த ஏரியில் உள்ளானைத் தேடிப் பயனில்லை. பக்கத்து நெல் வயலைப் பாருங்கள். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்றவற்றுக்கு விரிந்த நீர்ப்பரப்பு வேண்டும். தை, மாசியில் தண்ணீர் வற்ற வற்றச் சேறு வெளியே வரும், உள்ளான்களும் திரும்பி வரும்.

படி 3: உள்ளூர்ப் பறவைகளை முதலில் படியுங்கள்

ஏரியில் பெரிய நாரையோ கூழைக்கடாவோ இறங்கினால் "வெளிநாட்டுப் பறவை" என்று சொல்லிவிடுகிறோம். மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் நம் நாட்டிலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பவை. வேடந்தாங்கலிலேயே பார்க்கலாம். கருப்பும் வெள்ளையுமாக இருக்கும் வெண்புருவ வாலாட்டியும் ஆண்டு முழுவதும் இங்கேயே இருப்பதுதான். உண்மையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வருபவற்றில் பல, கைக்குள் அடங்கும் சிறு பறவைகள். அவற்றை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

படி 4: ஒரு பறவையோடு நேரம் செலவிடுங்கள்

மதகுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு சின்ன உள்ளான், பின்பக்கத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே நடக்கிறதா? மார்பின் ஓரத்தைப் பாருங்கள். வயிற்று வெள்ளை, மடித்த சிறகுக்கு முன்னால் ஆப்பு போல மேலே ஏறியிருந்தால் அது சாதாரண உள்ளான். முதுகெல்லாம் வெளிர்ப் புள்ளிகள், கண்ணுக்கு மேல் வெள்ளைப் பட்டை என்றால் பொறி உள்ளான். பறக்கட்டும், அதையும் பாருங்கள். சாதாரண உள்ளான் தண்ணீரை ஒட்டித் தாழ்வாக, சிறகை விறைப்பாக வைத்துத் துடித்துத் துடித்துப் போகும்.

அப்புறம் கரையில் உள்ள முள்மரங்களின் உச்சி. பழுப்பு முதுகும் கண்ணை மறைக்கும் கருப்புப் பட்டையுமாக உட்கார்ந்து கரகரவென்று கத்துவது பழுப்புக் கீச்சான். சைபீரியா, மங்கோலியா பக்கம் இனப்பெருக்கம் செய்துவிட்டு இங்கே வருகிறது. ஒரு புதரைச் சுற்றி எல்லை வகுத்துக்கொண்டு குளிர்காலம் முழுக்க அங்கேயே இருக்கும். அடுத்த ஆண்டும் அதே இடத்துக்கு வருவதுண்டு. அதனால் அந்த மரத்தைக் குறித்து வையுங்கள்.

வாத்துகளில் அவசரம் வேண்டாம். புதிதாக வந்து இறங்கும் ஆண் வாத்துகள் பெட்டைகளைப் போலவே பழுப்பாக இருக்கும். அலகையும் உடல் வடிவத்தையும் பாருங்கள், நிறம் பிறகு வரும்.

படி 5: கருவிகள்

8x42 (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், 42 மி.மீ. லென்ஸ்) பைனாகுலர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் போங்கள். காலையில் ஏரியின் கிழக்குப் பக்கம் நில்லுங்கள், வெயில் முதுகில் விழ வேண்டும். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கருப்புதான். பறவையை அடையாளம் சொல்லும் மெர்லின் செயலியையும் அதில் நம் பகுதிக்கான பறவைத் தொகுப்பையும் வீட்டிலேயே இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் வேலை செய்யும். ஆனால் அது சொல்லும் பெயரைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யாமல் எழுதாதீர்கள். பறவையை வரவழைக்க ஒலிப்பதிவைப் போடவே கூடாது.

படி 6: எழுதி வையுங்கள்

தேதி, நேரம், பறவை, எண்ணிக்கை, தண்ணீர் அளவு. இவ்வளவு போதும். பழகியதும், பறவை பார்ப்பவர்களின் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் இபேர்ட் இணையதளத்தில் பட்டியலாக ஏற்றுங்கள். பெயர் தெரியாததை "உள்ளான் வகை" என்றே பதிவு செய்யலாம், தவறில்லை. பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுவதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். அதற்குள் உங்கள் ஏரி உங்களுக்குப் பழகியிருக்கும், தயங்காமல் கலந்துகொள்ளுங்கள். பங்குனி, சித்திரையில் ஒவ்வொரு பறவையையும் கடைசியாகப் பார்த்த தேதியையும் மறக்காமல் குறியுங்கள். வந்த தேதியைக் குறிக்கும் பலர் போன தேதியை விட்டுவிடுகிறார்கள்.